பதறாத வேகம்

மெதுவாகச் செய்ததெல்லாம் கலை, விரைவாகச் செய்ததெல்லாம் சரக்கு என்று ஒரு சித்தாந்தம் நம்மிடையே வேரூன்றிப் போயிருக்கிறது. ஒரு நாவலை எழுதப் பத்து வருஷம் ஆயிற்று என்று ஆசிரியர் முன்னுரையில் சொல்லிவிட்டால் போதும். முதல் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்பே பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக் கொள்கிறார்கள். அதே நாவலை ஒரு பத்திரிகையில் வாரா வாரம் எழுதி ஒரே வருஷத்தில் முடித்தேன் என்று சொல்லிப் பாருங்கள். "ஓகோ, தொடர்கதையா?" என்று உதட்டைப் பிதுக்குவார்கள். அதற்கு மேல் கதையைப் பற்றி ஒரு வார்த்தை இராது. கடிகாரத்தைப் பார்த்தே தீர்ப்பு வழங்கியாகிவிட்டது.

இது இலக்கியத்தோடு நின்றிருந்தால், ஏதோ எங்கள் வீட்டுச் சண்டை என்று விட்டிருப்பேன். ஆனால் இதே கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு சங்கீதத்துக்கும் போயிருக்கிறார்கள். அமெரிக்க ராக் இசையின் சரித்திரத்தில் ஒரு குழு இந்தக் கடிகாரத்தால் அளக்கப்பட்டு, இன்றுவரை ஓர் 'ஆனால்' சேர்க்கப்படாமல் பாராட்டுப் பெற முடியாமல் நிற்கிறது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்பது அதன் பெயர். நல்ல பாட்டுகள் தந்தவர்கள்தாம், ஆனால் அவசரக்காரர்கள், முழுமையான ஆல்பம் என்று சொல்லத்தக்கதைச் செய்தவர்கள் அல்லர் என்பது அவர்களைப் பற்றி நாசூக்காகச் சொல்லப்படும் அபிப்பிராயம். அவர்கள் செய்த குற்றம் என்ன? 1969 என்ற ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பங்களை வெளியிட்டுவிட்டார்கள்.

இந்த ஆல்பம் என்பதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இசைத்தட்டுகள் இரண்டு ஜாதி. பக்கத்துக்கு ஒரு பாட்டு வீதம் இரண்டு பாட்டுகள் கொண்ட சிறிய தட்டு ஒன்று. அரை மணி முதல் முக்கால் மணி வரை ஓடக்கூடிய பெரிய தட்டு மற்றொன்று. பெரியதுதான் ஆல்பம். சிறுகதைக்கும் நாவலுக்கும் உள்ள உறவு என்று வைத்துக் கொள்ளுங்களேன். 1960களின் பிற்பகுதியில், முக்கியமாக ஸான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்தில், ஆல்பம்தான் கலை, சிறிய தட்டு கடைச் சரக்கு என்ற எண்ணம் பலமாக இருந்தது. கிரீடன்ஸ் குழுவினரோ அதே வட்டாரத்தில் இருந்துகொண்டு, இரண்டரை மூன்று நிமிஷப் பாட்டுகளைச் சிறிய தட்டில் போட்டு வானொலிக்கு அனுப்பிக் கொண்டிருந்தார்கள். போதாதா? 1976ல் அவர்களுடைய பிரபலமான பாட்டுகளில் இருபதைத் திரட்டி 'க்ரானிக்கிள்' என்று ஒரு தொகுப்பு வந்தது. அது இன்றுவரை விற்றுக் கொண்டேயிருக்கிறது. அதைக் கேட்டவர்களில் பலர், அந்தக் குழு முழுவதையும் கேட்டு முடித்ததாகவே நினைத்துவிட்டார்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 1969 ஜனவரியில் 'பேயூ கன்ட்ரி', ஆகஸ்டில் 'கிரீன் ரிவர்', வருஷம் முடிவதற்குள் 'வில்லி அண்ட் த புவர் பாய்ஸ்'. மூன்றிலும் சேர்ந்து 26 உருப்படிகள். அவற்றில் நான்குதான் பிறருடையவை. மீதி 22ம் ஒரே மனிதர், ஜான் ஃபோகர்ட்டி, எழுதி இசையமைத்தவை. பாடியதும் அவர்தாம், முதன்மைக் கிதார் வாசித்ததும் அவர்தாம். மூன்று தட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஒரு வருஷத்தில் இத்தனையா என்று கேட்பவர்களை, அந்த ஒன்றரை மணி நேரத்தில் இதை எடுத்துவிடலாம் என்று எத்தனை பாட்டைக் காட்டுவீர்கள் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

வேடிக்கை ஒன்றும் உண்டு. இவர்கள் சிறிய தட்டுக்காரர்கள்தாம் என்று சொல்கிறார்கள் அல்லவா? அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை வெளியிடும் பட்டியலில் இவர்களுடைய சிறிய தட்டுகள் ஐந்து முறை இரண்டாம் இடம் வரை ஏறின. முதலிடம் ஒரு முறைகூட வாய்க்கவில்லை. முதலிடத்தைப் பிடித்தவை இவர்களுடைய ஆல்பங்கள்! 'கிரீன் ரிவர்' பிடித்தது. 1970ல் வந்த 'காஸ்மோஸ் ஃபாக்டரி' பிடித்தது. விற்பனையை வைத்துத் தரத்தை நிர்ணயிக்கலாகாது என்பது எனக்கும் சம்மதமே. ஆனால் இவர்களுடைய ஆல்பத்தை ஜனங்கள் ஆல்பமாக ஏற்கவில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.

இருக்கட்டும். நாலு மாசத்துக்கு ஓர் ஆல்பம் என்றால் அரைவேக்காடாகத்தானே இருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. அடுப்பு எப்பொழுது மூட்டப்பட்டது என்று விசாரிக்காமல் கேட்கப்படும் கேள்வி இது. கலிபோர்னியாவில் எல் ஸெரிட்டோ என்ற சிற்றூரில், பள்ளிச் சிறுவர்களாக இருந்தபோதே ஜான் ஃபோகர்ட்டியும், பின்னால் பேஸ் கிதார் வாசித்த ஸ்டூ குக்கும், மேளம் அடித்த டக் கிளிஃபர்டும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். அது 1959. ஜானுடைய அண்ணன் டாம் ஃபோகர்ட்டி அவர்களோடு சேர்ந்து கொண்டார். முதலில் ஒரு பெயர். 1964ல் ஃபான்டஸி என்ற இசைத்தட்டுக் கம்பெனி அவர்களை எடுத்துக் கொண்ட பிறகு வேறு பெயர். பல சிறிய தட்டுகள் வெளிவந்தன. பெயர் சொல்லும்படி ஒன்றும் நடந்துவிடவில்லை. கிரீடன்ஸ் என்ற பெயரோடு முதல் ஆல்பம் வந்தது 1968ல். அதாவது, அதே நான்கு பேர், கிட்டத்தட்டப் பத்து வருஷம், யாரும் கவனிக்காத இடங்களில் வாசித்துக் கொண்டேயிருந்தார்கள். 1969ன் மூன்று ஆல்பங்களும் நாலு நாலு மாசத்தில் விளைந்தவை என்று சொல்வது, தென்னை மரத்தில் தேங்காய் பறிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று என்பதால் தென்னையே பத்து நிமிஷப் பயிர் என்று சொல்வதைப் போன்றது.

அப்புறமும் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. பெர்க்கிலி நகரில் ஒரு கிடங்கில் ஏறக்குறையத் தினந்தோறும் ஒத்திகை. வெற்றி வந்துவிட்டது, பணம் வந்துவிட்டது, இனி எதற்கு என்று ஃபோகர்ட்டி விடவில்லை. இந்தக் கெடுபிடியைத் தாங்க மாட்டாமல் மேளக்காரர் கிளிஃபர்டு அந்த இடத்துக்குத் தொழிற்சாலை என்று பெயர் வைத்தார். 'காஸ்மோ' என்பது அவருடைய செல்லப் பெயர். ஆகவே 'காஸ்மோஸ் ஃபாக்டரி', அதாவது காஸ்மோவின் தொழிற்சாலை, என்பதே அடுத்த ஆல்பத்தின் தலைப்பாயிற்று. தொழிற்சாலையில் செய்தது போலிருக்கிறது என்று சொன்னால் கலைஞனுக்குச் சுருக்கென்று தைக்கும் என்பது விமரிசகர்களின் நம்பிக்கை. இந்த மனிதர்கள் அந்த வார்த்தையைத் தாங்களே எடுத்து அட்டையில் அச்சிட்டுக் கொண்டார்கள்! உள்ளே இருந்த பதினொரு உருப்படிகளில் ஆறு சிறிய தட்டுகளாகவும் நாடெங்கும் முழங்கியவை.

இப்படித் தினசரி சாதகம் செய்துவிட்டு ஸ்டூடியோவுக்குள் போகிறவனுக்கு அங்கே உட்கார்ந்து யோசிக்க என்ன இருக்கிறது? பாட்டு முன்பே பழுத்திருக்கிறது. பறித்துக் கூடையில் போட வேண்டியதுதான் பாக்கி. கச்சேரி மேடையில் வித்வான் ஒரு நொடியில் தொடுக்கும் சங்கதிக்கு யாராவது கடிகாரம் பார்க்கிறோமா? அவர் விடியற்காலையில் எழுந்து செய்த சாதகம் அதற்குள் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். நம் சங்கீதத்தில் நமக்குத் தெரிந்திருக்கிற இந்த உண்மை, பிறருடைய சங்கீதத்துக்கு வரும்போது எப்படி மறந்து போகிறது?

பதறாத காரியம் சிதறாது என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறோம். வேகத்தைப் பழிப்பவர்கள் உடனே இதைத்தான் எடுத்து வீசுவார்கள். அவர்கள் பழமொழியைச் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பேன். வேகமாகச் செய்யாதே என்று அது எங்கே சொல்கிறது? பதறாதே என்றுதான் சொல்கிறது. கை பழகாதவன் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டாலும் பதறிக்கொண்டேதான் செய்வான். கை பழகியவன் ஒரு நாழிகையில் முடித்தாலும் அதில் நிதானம் இருக்கும். 'கிரீன் ரிவர்' மொத்தமே முப்பது நிமிஷத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஒன்பது பாட்டு. அதில் எங்கேயாவது ஒரு பதற்றம் தெரிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். மேளம் ஓடுவதே இல்லை, நடக்கிறது.

வேகத்துக்கு ஓர் உபயோகமும் உண்டு. காலத்தின் காய்ச்சலை, அது ஆறுவதற்குள் தொட்டுப் பார்க்க வேகம் வேண்டும். வியத்நாம் யுத்தம் உக்கிரமாக நடந்து கொண்டிருந்த சமயம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போகிறார்கள். செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்படியோ தப்பித்துக் கொள்கிறார்கள். 1968 டிசம்பரில், ஜனாதிபதியாகப் பதவியேற்கவிருந்த நிக்ஸனின் மகளுக்கும் முன்னாள் ஜனாதிபதி ஐஸன்ஹோவரின் பேரனுக்கும் கல்யாணம் நடந்தது. இந்த மாதிரிப் பிள்ளைகள் யுத்தத்துக்குப் போகவா போகிறார்கள் என்ற எரிச்சலில் பிறந்ததுதான் 'ஃபார்ச்சுனேட் ஸன்' என்ற பாட்டு. அதன் வார்த்தைகளை இருபது நிமிஷத்தில் எழுதியதாக ஃபோகர்ட்டியே சொல்லியிருக்கிறார். 1969 முடிவதற்குள் அது 'வில்லி' ஆல்பத்தில் வந்துவிட்டது. இருபது நிமிஷமா என்று முகம் சுளிக்க வேண்டாம். ஃபோகர்ட்டி தாமே ராணுவத்தின் சேமப்படையில் சேர்ந்து பயிற்சி பெற்று வெளிவந்தவர். அந்த அனுபவம் அவருக்குள் எத்தனை நாள் புகைந்து கொண்டிருந்தது என்பதைச் சேர்த்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். இன்னும் மூன்று வருஷம் செதுக்கிக் கொண்டிருந்தால் பாட்டு இன்னும் மெருகேறியிருக்கும். கேட்க வேண்டியவர்களில் பலர் பட்டாளத்தில் மாண்டு போயிருப்பார்கள்.

சரி, எதிர்க்கட்சியின் பிரபல சாட்சிகளையும் கூண்டில் ஏற்றுவோம். கிரேட்ஃபுல் டெட் என்று அதே ஸான் பிரான்ஸிஸ்கோ வட்டாரத்துக் குழு. கிரீடன்ஸ் மூன்று ஆல்பம் போட்ட அதே 1969ல் இவர்கள் 'ஆக்ஸமாக்ஸோவா' என்று ஓர் ஆல்பத்தை வெளியிட்டார்கள். ஒருமுறை பதிவு செய்தார்கள். அதற்குள் பதினாறு தடங்களில் ஒலிப்பதிவு செய்யும் புதிய இயந்திரம் வந்துவிட்டது. செய்ததைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மாசக் கணக்கில் நேரம். கம்பெனியிடம் தலைக்கு மேல் கடன். அவ்வளவு பாடுபட்டும் திருப்தி வராமல் 1971ல் மறுபடி ஒலிகளைக் கலந்து வெளியிட்டார்கள். இடையில் 1970ல் என்ன செய்தார்கள் தெரியுமா? கடன் கழுத்தை நெரிக்க, எளிமையான பாட்டுகளை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துக்கொண்டு போய், மளமளவென்று 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்' என்ற ஆல்பத்தைப் பதிவு செய்தார்கள். அதே வருஷம் 'அமெரிக்கன் பியூட்டி' என்று இன்னொன்று. அந்தக் குழு ஸ்டூடியோவில் செய்தவற்றில் ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது இவ்விரண்டையும்தான். சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று சொல்வதைத் தவிர வேறு என்ன சொல்ல?

இன்னொரு சாட்சி, கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழு. 1991ல் இரண்டு ஆல்பங்கள். அப்புறம் பிறர் பாட்டுகளைப் பாடியது ஒன்று. சொந்தப் பாட்டுகளோடு அடுத்த ஆல்பமான 'சைனீஸ் டெமாக்ரஸி' வந்தது 2008ல். பதினேழு வருஷம்! இடையில் ஆட்கள் மாறினார்கள், ஸ்டூடியோக்கள் மாறின, பணம் தண்ணீராய் ஓடியது. 1987ல் அவர்கள் போட்ட முதல் ஆல்பத்தின் பக்கத்தில் இதை வைத்து, பதினேழு வருஷத்துக்குரிய கூடுதல் அழகு எங்கே இருக்கிறதென்று யாராவது எனக்குக் காட்டட்டும்.

கிரீடன்ஸ் குழுவின் கதையே இதற்கு நல்ல அத்தாட்சி. விமரிசகர்களின் உதட்டுப் பிதுக்கல் உறைத்ததோ என்னவோ, 1970 டிசம்பரில் வந்த 'பெண்டுலம்' ஆல்பத்துக்கு அவர்கள் வழக்கத்தைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள். ஆர்கன் வந்தது, ஸாக்ஸபோன் வந்தது. பிறர் பாட்டு ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. நல்ல பாட்டுகள் அதில் உண்டு. ஆனால் முந்தைய நான்கு ஆல்பங்களை அது தாண்டிவிட்டதென்று என்னால் சொல்ல இயலவில்லை. 1971 தொடக்கத்தில் டாம் விலகிப் போனார். எஞ்சிய மூவரும் அடுத்த ஆல்பமான 'மார்டி க்ரா'வை வெளியிட்டது 1972 ஏப்ரலில். பதினாறு மாச இடைவெளி! அவர்களுடைய ஏழு ஆல்பங்களில் எதற்கும் இவ்வளவு அவகாசம் கிடைத்ததில்லை. ஏழிலும் மட்டமானது அதுதான் என்பதில் ரசிகர்களுக்கும் விமரிசகர்களுக்கும் அநேகமாக அபிப்பிராய பேதமே கிடையாது. அந்த வருஷம் முடிவதற்குள் குழுவே கலைந்து போயிற்று.

'மார்டி க்ரா' கெட்டதற்குக் காரணம் மூவரும் பாட்டுகளைப் பங்கு போட்டுக் கொண்டதுதான், மெதுவாகச் செய்தது காரணம் அல்ல என்று நீங்கள் குறுக்கிடலாம். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பங்கீட்டை யார் வற்புறுத்தினார்கள் என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. நான் சொல்ல வந்ததும் அதுவே: ஒரு படைப்பு உருப்படுவதற்கும் உருப்படாததற்கும் காரணம் எங்கெங்கோ இருக்கிறது, நாட்காட்டியில் இல்லை.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கிரீடன்ஸ் ஆல்பங்களில் இடம் நிரப்புகிறவை இல்லாமலில்லை. 'வில்லி'யில் வரும் இரண்டு வாத்தியத் துண்டுகளை எடுத்துவிட்டால் யாரும் தேடப் போவதில்லை. மெதுவாகச் செய்த அற்புதங்களும் உண்டு. பீச் பாய்ஸ் குழு 1966ல் வெளியிட்ட 'குட் வைப்ரேஷன்ஸ்' என்ற ஒரே பாட்டுக்குப் பல மாசங்கள், பல ஸ்டூடியோக்கள் ஆயின. அது ஒரு ரத்தினம்தான். மெதுவாகச் செய்யாதே என்று நான் எங்கே சொன்னேன்? மெதுவைப் பார்த்துக் கும்பிடாதே என்றுதான் சொல்கிறேன்.

வேகத்துக்கு மனிதர்கள் கொடுத்த விலையும் சிறிதல்ல. ஒருவரே எழுதி, ஒருவரே பாடி, ஒருவரே முடிவு செய்தால் மற்ற மூவர் என்ன ஆவது? அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம் முற்றியது. 1990ல் டாம் காலமானார். அதுவரை அது தீர்ந்தபாடில்லை. 1993ல் குழுவுக்கு ஒரு பெரிய கௌரவம் கிடைத்தபோது, பழைய தோழர்கள் இருவரோடும் சேர்ந்து வாசிக்க ஜான் மறுத்துவிட்டார். இவற்றை நினைத்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது. ஆனால் இது மனிதர்களின் தோல்வி. அந்தக் கிடங்கில் அவர்கள் செய்த காரியத்தின்மேல் இந்தப் பழியை ஏற்றுவது தகாது.

வேகத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டவர்கள், கவலைப்பட வேண்டிய வேறொரு விஷயத்தைக் கவனிக்கவே இல்லை. அந்தப் பாட்டுகளின் உரிமை அவற்றை எழுதினவருக்கு இல்லை, கம்பெனிக்குத்தான். ஒப்பந்தத்திலிருந்து தப்பித்துக் கொள்வதற்காக ஃபோகர்ட்டி தமக்கு வர வேண்டிய வருமானத்தையும் விட்டுக்கொடுத்தார். அதோடும் விட்டதா? 1985ல் அவர் தனியாக ஓர் ஆல்பம் போட்டபோது, அதில் உள்ள ஒரு பாட்டு 'காஸ்மோஸ் ஃபாக்டரி'யில் உள்ள ஒரு பாட்டின் நகல் என்று கம்பெனி வழக்குத் தொடுத்தது. இரண்டையும் எழுதியவர் அவரே! தன்னிடமிருந்தே தான் திருடிவிட்டதாக ஒரு மனிதன் கோர்ட்டில் ஏறி, கிதாரைக் கையில் வைத்து வாசித்துக் காட்டி, 1988ல் ஜூரிகளால் விடுவிக்கப்பட்டான். வழக்குச் செலவைத் திரும்பப் பெறும் பிரச்சினை 1994ல் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கம்பெனி 2004ல் வேறு கைக்கு மாறிய பிறகுதான் வருமானத்தில் அவருக்குப் பங்கு திரும்பியது. 2023ல்தான் பாட்டுகளின் உரிமையில் பெரும் பகுதியை அவர் விலைகொடுத்து வாங்கினார். பாடியபோது இருபத்துநாலு வயது. உரிமை கைக்கு வந்தபோது எழுபத்தேழு. உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் ஊர்க் குடியானவனுக்கு மட்டும் பொருந்தும் பழமொழி அல்ல. விளைச்சல் யார் வீட்டுக்குப் போகிறது என்று பார்க்காமல், மூன்று போகம் விளைந்ததே, மண் கெட்டுவிடாதா என்று வரப்பில் நின்று விசாரப்பட்டவர்களை என்னவென்று சொல்வது?

ஆகவே, படைப்பு எத்தனை நாளில் வந்தது என்ற கேள்வியை இனிமேல் யாராவது உங்களிடம் கேட்டால், அது படைப்பைப் பற்றிய கேள்வியே இல்லை என்று சொல்லிவிடுங்கள். கேட்காமல், படிக்காமல், ருசிக்காமல் தப்பித்துக்கொள்ள மனிதன் கண்டுபிடித்த பல உபாயங்களில் அது ஒன்று. இருபது பாட்டுத் தொகுப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, 'கிரீன் ரிவர்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல் ஒருமுறை கேளுங்கள். அரை மணி நேரம்கூட ஆகாது. கேட்கும்போது கைக்கடிகாரத்தை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள்.